வீச்சும் எறியும்: பந்து வீசக் கற்றோர் வரலாறு

தமிழில் பந்தாட்டம் பழையது. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் கந்துக வரி இடம்பெறுகிறது. பெருங்கதையில் மகளிரின் பந்தடி விரிவாகப் பேசப்படுகிறது. திருக்குற்றாலக் குறவஞ்சியின் தலைவி வசந்தவல்லி பந்தாடும் கோலத்திலேயே புலவரால் காட்டப்படுகிறாள். இம்மூன்றிலும் பந்து மகளிர் கையில் இருக்கிறது. அவர்கள் கையாலேயே அடிக்கப்படுகிறது. ஒருவர் பந்தை விடுக்க, எதிரே நிற்கும் மற்றொருவர் மட்டையால் அதனைத் தடுத்தாடும் முறை கடல் கடந்து வந்ததாகும். அம்முறை கிரிக்கெட் என்னும் பெயரோடு வந்தபோது, பந்தை விடுக்கும் செயலுக்குத் தமிழில் ஒரு சொல் தேவைப்பட்டது. செய்தித்தாள்களும், பின்னர் சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் போன்றோரின் வானொலி வருணனைகளும் ஒரு சொல்லை நிலைநிறுத்தின. அச்சொல் ‘வீச்சு’ என்பது.

‘எறி’ என்னும் சொல் இருக்க, ‘வீச்சு’ ஏன் நிலைத்தது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. கல்லை எறிகிறோம், வேலை எறிகிறோம். கையை வீசி நடக்கிறோம். சிலம்பக் களத்தில் கம்பை வீசுகிறோம். எறியும் கை முழங்கையில் மடங்கிப் பின் விரிகிறது. வீசும் கை தோளை அச்சாகக் கொண்டு நீண்டபடியே சுழல்கிறது. வழக்கில் இவ்விரு சொற்களும் ஒன்றன் இடத்தில் மற்றொன்று வருவதுண்டு என்பது உண்மையே. ஆயினும் கிரிக்கெட் சட்டம் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாகப் பிரித்தறிய முயலும் வேறுபாடு இதுதான். மடங்கிய முழங்கை விரிந்தால் அது எறி. நடுவர் அதனை ஏற்கமாட்டார். நீண்ட கை சுழன்றால் அது வீச்சு. முதன்முதலாகப் பந்தைக் கையில் எடுக்கும் சிறுவன் கற்க வேண்டிய முதற்பாடமும் இதுவே.

சமவெளியில் முதற்பாடம்

திண்டுக்கல் பூட்டுக்கும் சுருட்டுக்கும் தோல் பதனிடும் தொழிலுக்கும் பெயர் பெற்ற ஊர். மலைக்கோட்டையின் மேல் நின்று நோக்கினால் ஒருபுறம் சிறுமலை. ஏனைய திசைகளில் புஞ்சைக் காடுகளும் வற்றிய குளங்களும் புளிய மரங்கள் வரிசையிட்ட சாலைகளுமாக விரியும் சமவெளி. நிலக்கடலையும் சோளமும் அறுவடையான பின் வெறுமையாகக் கிடக்கும் காடும், கோடையில் காய்ந்து வெடித்த குளத்து மண்ணும் இச்சமவெளிச் சிறுவர்களின் ஆடுகளங்கள். வேலிக்காத்தான் குச்சிகள் மூன்று ஊன்றப்படும். அவை கிடைக்காவிடில் செங்கற்கள் அடுக்கப்படும். தென்னை மட்டையைச் செதுக்கினால் அதுவே ஆட்ட மட்டையாகும். கிரிக்கெட்டில் தமிழர் வழங்கும் ‘மட்டை’ என்னும் சொல்லுக்கு இதனினும் பொருத்தமான பொருள் விளக்கம் தேவையில்லை.

இக்களங்களில் எழுதப்படாத ஒரு சட்டம் உண்டு. மட்டைக்கு உரியவன் முதலில் மட்டை பிடிப்பான். பந்தை வாங்கிக் கொடுத்தவன் அடுத்து நிற்பான். இரண்டும் இல்லாதவன் பந்து வீசுவான். ஆகவே கிராமத்துச் சிறுவர்கள் பலருக்கு வீச்சு என்பது விரும்பித் தேர்ந்த கலையாக அமைவதில்லை. ஆட்டத்தில் இடம்பெறுவதற்குச் செலுத்தும் உழைப்பாகவே அமைகிறது. இச்செய்தியை நினைவிற் கொள்ளல் வேண்டும். வீச்சின் உலக வரலாறும் இதனையே பன்முறை உரைக்கிறது.

புதிதாக வீச வந்தவன் செய்யும் முதற்பிழை பெரும்பாலும் எறிதலே. காக்கையை ஓட்டவும் மாங்காயை வீழ்த்தவும் கல்லெறிந்து பழகிய கை அது. அதற்கு முழங்கையை மடக்கத்தான் தெரியும். அப்போது எதிரணியிலிருந்து ‘மாங்கா அடிக்கிறான்’ என்னும் குரல் எழும். மாந்தோப்புகள் மிகுந்த நத்தம் பக்கத்தில் இத்தொடருக்கு உரை எழுத வேண்டியதில்லை. சட்டநூலின் ஒரு விதியைப் படிக்காமலேயே, அதன் சாரத்தை ஒரு பழத்தின் பெயரால் சிறுவர் உலகம் வகுத்துக்கொண்டிருப்பது நோக்கற்குரியது.

இப்பிழையைத் திருத்தப் பயிற்சியாளர்கள் கையாளும் முறை எளிமையானது. முதலில் ஓட்டம் கிடையாது. வலக்கை வீச்சாளனாயின் இடத்தோளை மட்டையாளன் பக்கம் காட்டி நிற்க வேண்டும். இடக்கை வானோக்கி உயரும். அதன் பக்கமாகப் பார்வை இலக்கை நோக்கும். சுட்டுவிரலும் நடுவிரலும் தையலின் இருமருங்கும் அமைய, பெருவிரல் அடியில் தாங்கும். இடக்கை கீழிறங்க, வலக்கை காதை ஒட்டி மேலெழுந்து, உச்சியைக் கடந்ததும் பந்து விடுபடும். நின்ற நிலையில் இது படிந்த பின்னர் நடந்து வீசுதல். அதன் பின்னர் நான்கைந்து அடி ஓடி வீசுதல். இறுதியில் முழு ஓட்டம். வெண்பா எழுத வருபவர் அசையும் சீரும் பழகிய பிறகே தளைக்குச் செல்வது போன்றதே இம்முறை. முழு ஓட்டத்தை முதலிலேயே எடுத்துக்கொள்ளும் சிறுவன் வேகத்தைப் பெறுவதில்லை; கோட்டை மிதிக்கும் பிழையையே பெறுகிறான்.

ஆடுகளத்தின் நீளம் 22 கஜம், அதாவது 20.12 மீட்டர். ஆடவர் ஆட்டத்தின் தோற்பந்து 155.9 முதல் 163 கிராம் வரை எடை கொண்டது. சமவெளிச் சிறுவன் பழகும் டென்னிஸ் பந்தின் எடை 60 கிராமைத் தொடுவதில்லை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே எடையுள்ள பந்தை வேகமாக விடுக்க வேண்டுமாயின் கை விரைந்து வெட்ட வேண்டும். அவ்வெட்டில் முழங்கை மடங்கும் ஆசை பிறக்கும். மேலும் டென்னிஸ் பந்தில் பிடித்து வீசத் தோற்பந்தின் தையல் இல்லை. குத்தினால் உயர எழும்பும். உயர எழும்பிய பந்து எல்லையைத் தாண்டிக் கிணற்றில் விழும். எனவே டென்னிஸ் பந்து வீச்சாளன் மட்டையாளனின் கால்விரலருகே நேராகப் பந்தை இறக்கும் யார்க்கரை நாடுகிறான். வறுமையும் பந்தின் இயல்பும் சேர்ந்து கற்பித்த நுட்பம் அது. இந்நுட்பம் ஒருவரை எவ்வளவு தொலைவு கொண்டுசென்றது என்பது பின்னர்க் கூறப்படும்.

முழங்கையின் வரலாறு

தொடக்கக் காலத்தில் வீச்சு என்பது கையைத் தாழ்த்திப் பந்தை உருட்டுவதாகவே இருந்தது. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இங்கிலாந்தின் ஹாம்பிள்டன் ஊரார் ஆடிய காலத்தில், உருட்டுவதற்கு மாறாகத் தரையில் ஒருமுறை குத்தி எழும்பும்படி விடுக்கும் வழக்கம் பரவியது. அப்போதும் கை தோளுக்குக் கீழேயே இருந்தது.

பின்னர்க் கையைப் பக்கவாட்டில் உயர்த்தி வீசும் முறை தலையெடுத்தது. கென்ட் பகுதியைச் சேர்ந்த ஜான் வில்ஸ் என்பவர் இம்முறையை விடாது பின்பற்றினார். தம் தங்கை கிறிஸ்டினா, அகன்ற பாவாடை தடுத்தமையால் கையைப் பக்கவாட்டில் உயர்த்தித் தமக்குப் பந்து வீசியதைக் கண்டே அவர் அதனைக் கற்றார் என்பது வழிவழியாகக் கூறப்படும் கதை. இதனை ஐயுறும் வரலாற்றாசிரியர்களும் உளர். கதை மெய்யோ பொய்யோ, பந்து வீச்சின் திருப்புமுனை ஒன்றில் ஆசிரியர் இடத்தில் ஒரு பெண் வைக்கப்பட்டிருப்பது, கந்துக வரி பாடிய மொழியினர்க்கு வியப்பளிக்காது. 1822 ஜூலை 15-ஆம் நாள் லார்ட்ஸ் மைதானத்தில் வில்ஸின் வீச்சு முறையற்றது என நடுவர் அறிவித்தார். வில்ஸ் பந்தை எறிந்துவிட்டுக் குதிரையேறிச் சென்றார். பெரிய ஆட்டங்களுக்கு மீளவில்லை என்பர். அவர் சென்ற பின் 13 ஆண்டுகளில், 1835-இல், தோள் உயரம் வரை கையை உயர்த்தலாம் எனச் சட்டம் இசைந்தது.

அடுத்த வழக்கு தோளுக்கு மேல் எழுந்த கையைப் பற்றியது. 1862 ஆகஸ்டில் ஓவல் மைதானத்தில் எட்கர் வில்ஷர் அடுத்தடுத்து ஆறு முறை முறையற்ற வீச்சுக்காகக் குறிக்கப்பட்டார். நடுவர் ஜான் லில்லிவைட் அவருடைய நண்பர். ஆட்டம் அன்று தடைப்பட்டது. இரண்டாண்டுகள் கழித்து, 1864 ஜூன் 10-ஆம் நாள், கையை எவ்வுயரத்திலிருந்தும் சுழற்றலாம் எனச் சட்டம் திருத்தப்பட்டது. திண்டுக்கல் குளத்துக் களத்தில் ஒரு சிறுவன் காதை ஒட்டிக் கையை உயர்த்தும்போது அவன் பெறும் உரிமை அன்று பிறந்ததாகும்.

ஒரு காலத்தில் ஒரே நெறியாக இருந்த தாழ்கை வீச்சு பிற்காலத்தில் நெறியற்றதாகி விட்டது. 1981 பிப்ரவரி முதல் நாள் மெல்போர்னில், கடைசிப் பந்தில் ஆறு ஓட்டம் எடுத்தால் சமன் செய்யலாம் என்ற நிலையில் நியூசிலாந்து நின்றது. ஆஸ்திரேலியத் தலைவர் கிரெக் சாப்பலின் சொற்படி அவர் தம்பி டிரெவர் பந்தைத் தரையில் உருட்டினார். சட்டம் அன்று தடுக்கவில்லை. மக்கள் மனம் தடுத்தது. விதி பின்னர் மாறிற்று. நெறி என்பது கல்லில் வெட்டியதன்று, காலந்தோறும் வழக்காடிப் பெறப்படுவது என்பதற்கு இவ்விரு நிகழ்ச்சிகளும் சான்றாம்.

மட்டை கிடைக்காதவர்கள்

இந்தியாவில் பந்து வீசக் கற்றவர்களின் வரலாறு வெள்ளையரின் பயிற்சி வலைகளில் தொடங்குகிறது. அதிகாரிகளுக்கு மட்டை வீச ஆசை; வெயிலில் ஓடிவந்து பந்து வீச வேலையாட்கள். அவ்வாறு கற்றவர்களுள் தலையாயவர் பல்வங்கர் பாலூ. 1876-இல் தார்வாடில், தீண்டாமைக் கொடுமைக்கு ஆட்பட்ட குடும்பமொன்றில் பிறந்தவர். பூனாவில் பார்சியர் சங்கத்தில் களம் பெருக்கும் பணியும், பின்னர் ஐரோப்பியரின் பூனா சங்கத்தில் மாதம் நான்கு ரூபாய் ஊதியத்தில் வலையமைக்கும் பணியும் செய்தார். அங்கே ஜே.ஜி. கிரெய்க் என்னும் மட்டையாளருக்கு நாள்தோறும் மணிக்கணக்கில் இடக்கைச் சுழற்பந்து வீசினார். தம்மை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு முறைக்கும் கிரெய்க் எட்டணா கொடுத்தார் என்பது செவிவழிச் செய்தி. ஆனால் பாலூவின் கையில் ஒருமுறையேனும் மட்டையைக் கொடுக்க அச்சங்கத்தார் முன்வரவில்லை.

திறமை வெளிப்பட்ட பின் இந்துக்கள் அணி அவரை நாடியது. களத்தில் அவர் தொட்ட பந்தை அனைவரும் தொட்டனர்; இடைவேளையில் அவருக்குத் தேநீர் வெளியே, மண் குவளையில் வந்தது. 1906-இல் பம்பாயில் ஐரோப்பியரை இந்துக்கள் வென்றபோது அவ்வெற்றியில் அவர் பங்கு பெரிது. 1911-இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணிக்காக 114 விக்கெட்டுகள் வீழ்த்தினார். தலைமைப் பொறுப்பு மட்டும் அவருக்கு வழங்கப்படவில்லை. அவர் தம்பி விட்டலுக்கே அது 1923-இல் கிட்டிற்று. பந்து வீசுவோனின் உழைப்பை ஏற்பதும் அவனை ஏற்பதும் வெவ்வேறு என்பதைப் பாலூவின் வாழ்க்கை காட்டுகிறது.

சென்னை மாகாணத்தில் இந்தியர்க்கெனச் சங்கம் கண்டவர் புச்சிபாபு நாயுடு. வெள்ளையர் மட்டும் ஆடிய சேப்பாக்கத்திற்கு எதிராக, 1888-இல் மெட்ராஸ் யுனைடெட் சங்கத்தை அவர் நிறுவினார். அடுத்த தலைமுறையில் எழுந்தவர் எம்.ஜே. கோபாலன். செங்கற்பட்டுப் பகுதியின் மொரப்பாக்கத்தில் 1909-இல் பிறந்த அவருடைய வேகப்பந்து வீச்சைச் சென்னையில் சி.பி. ஜான்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர் கண்டு, பர்மா ஷெல் நிறுவனத்தில் வேலைக்கு வழிசெய்தார். 1934 நவம்பர் 4-ஆம் நாள் சேப்பாக்கத்தில் சென்னைக்கும் மைசூருக்கும் நடந்த ஆட்டத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதற்பந்தை வீசியவர் கோபாலனே. ஏ.ஜி. ராம்சிங் இடக்கைச் சுழலால் 35 ஓட்டங்களுக்கு 11 விக்கெட்டுகள் வீழ்த்த, அவ்வாட்டம் ஒரே நாளில் முடிந்தது. கோபாலன் ஹாக்கியிலும் வல்லவர். 1936-இல் பெர்லின் ஒலிம்பிக்கிற்கும் இங்கிலாந்துக் கிரிக்கெட் பயணத்திற்கும் ஒருங்கே வாய்ப்பு வந்தபோது அவர் கிரிக்கெட்டைத் தேர்ந்தார். ஹாக்கி அணி தங்கத்துடன் திரும்பியது. கோபாலனுக்கு அப்பயணத்தில் ஒரு டெஸ்ட் ஆட்டமும் கிட்டவில்லை.

பள்ளிகளும் பாகைகளும்

அதன்பின் தமிழகம் சுழற்பந்தின் பண்ணையாயிற்று. சேப்பாக்கத்தில் 1952-இல் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைக் கண்டபோது வினூ மன்கட் 12 விக்கெட்டுகளைச் சுழற்பந்தாலேயே வீழ்த்தினார். வி.வி. குமார் 1961-இல் தில்லியில் ஆடிய முதல் டெஸ்டிலேயே ஏழு விக்கெட்டுகள் எடுத்தார்; ரஞ்சிப் போட்டிகளில் 400-க்கும் மேல் வீழ்த்தியும் இரண்டே டெஸ்டுகளோடு அமைந்தார். எஸ். வெங்கடராகவன் 57 டெஸ்டுகளில் 156 விக்கெட்டுகள் பெற்றார். வேகப்பந்துக்கு முறையான பள்ளி 1987-இல் எம்.ஆர்.எஃப். வேகப்பந்துப் பயிற்சி மையமாகச் சென்னையில் தோன்றியது. ஆஸ்திரேலிய வீரர் டென்னிஸ் லில்லி அதன் வழிகாட்டி. முதுகெலும்பு முறிவால் ஆட்டத்தை இழக்க இருந்து, தம் வீச்சு முறையையே மாற்றியமைத்து மீண்டவர் அவர். எனவே கற்பிக்கும் தகுதி அவருக்கு இருமடங்கு இருந்தது. பம்பாயிலிருந்து வேகப்பந்து பழக வந்த சச்சின் தெண்டுல்கர் என்னும் சிறுவனை மட்டைப் பயிற்சிக்கே திரும்புமாறு அவர் அறிவுறுத்திய செய்தி பலரும் அறிந்தது. தொடக்கநிலையில் ‘உனக்கு இது அன்று’ என்று கூறுவதும் ஆசிரியரின் கடமையுள் ஒன்றாகும்.

வழிமாறி வந்து நிலைபெற்றவர்களும் உண்டு. ஆர். அஸ்வின் தொடக்கத்தில் முதலாட்ட மட்டையாளராகவும் மிதவேகப் பந்து வீச்சாளராகவும் இருந்தவர். சிறுவயதில் நேர்ந்த காயத்திற்குப் பின் சுழற்பந்துக்கு மாறி, 537 டெஸ்ட் விக்கெட்டுகளுடன் 2024-இல் பன்னாட்டு ஆட்டங்களிலிருந்து ஓய்வு பெற்றார். சென்னையின் என். நிரஞ்சனா 2014-இல் இங்கிலாந்து மகளிருக்கு எதிராக வார்ம்ஸ்லியில் ஆடிய முதல் டெஸ்டின் முதல் இன்னிங்சில் வேகப்பந்தால் நான்கு விக்கெட்டுகள் வீழ்த்தி வெற்றிக்கு வழிவகுத்தார்.

முழங்கை வழக்கு மீண்டும் எழுந்ததும் ஒரு தமிழர் பொருட்டேயாகும். இலங்கை கண்டியில் 1972-இல் பிறந்த முத்தையா முரளிதரன், மலையகத் தமிழ்க் குடும்பத்தவர். பள்ளியில் மிதவேகம் வீசிய அவரைச் சுழற்பந்துக்குத் திருப்பியவர் பயிற்சியாளர் சுனில் பெர்னாண்டோ. பிறவியிலேயே முழுதும் நீளாத முழங்கை அவருக்கு. 1995 டிசம்பர் 26-ஆம் நாள் மெல்போர்னில் நடுவர் டாரல் ஹேர் அவருடைய பந்துகளை ஏழு முறை முறையற்றவை என்றார். மடங்கியிருக்கும் கை வேறு, மடங்கி விரியும் கை வேறு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத் தோன்றலாம். ஆய்வுக்கூடங்களில் ஒளிப்படக் கருவிகள் சூழ வீசிக் காட்டுமாறு அவர் பன்முறை பணிக்கப்பட்டார். அவ்வாய்வுகள் எதிர்பாராத ஒன்றை வெளிப்படுத்தின. மாசற்ற வீச்சாளர்கள் எனப் போற்றப்பட்டோர் பெரும்பாலாரின் முழங்கையும் சில பாகைகள் விரிந்தே வந்தது. அதன் பயனாக, 2005 முதல் 15 பாகை வரையிலான விரிவு அனைவர்க்கும் ஏற்கப்பட்டது. முற்றும் நேரான கை என்னும் கருத்து, ஏட்டில் மட்டும் வாழ்ந்தது எனத் தெளிவாயிற்று. 2010 ஜூலையில் காலியில் முரளிதரன் தம் கடைசிப் பந்தில் 800-ஆம் விக்கெட்டை வீழ்த்தினார்.

நத்தம் மைதானம், 2016

இவ்வரலாறு திண்டுக்கல் சமவெளியை வந்தடைந்தது 2016-இல். அவ்வாண்டு தொடங்கிய தமிழ்நாடு பிரிமியர் லீக், மாவட்டங்களின் பெயரால் அணிகளை அமைத்தது. நத்தத்தில் உள்ள என்.பி.ஆர். கல்லூரி மைதானம் அதன் களங்களுள் ஒன்றாயிற்று. அதுவரை சென்னைக்குச் சென்றே காண வேண்டியிருந்த வீச்சை, விளக்கொளியில் மலைகளின் பின்னணியில் ஊர்மக்கள் கண்டனர். திண்டுக்கல் டிராகன்ஸ் என்னும் அணியில் அவ்வாண்டு இடம்பெற்ற இடக்கை வேகப்பந்து வீச்சாளர் ஒருவரின் வரலாறு, மேலே கூறிய அனைத்தையும் தன்னுள் அடக்கியது.

தங்கராசு நடராஜன் சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்தவர். தந்தை நெசவுத் தொழிலாளி; தாய் சாலையோரக் கடை நடத்தியவர். ஐந்து பிள்ளைகளில் மூத்தவர் அவர். இருபது வயது வரை அவர் வீசியது டென்னிஸ் பந்தே. அதே ஊரின் ஜெயப்பிரகாஷ் என்பவர் அவருடைய திறமையை உணர்ந்து சென்னைக்கு அழைத்துச் சென்றார். நான்காம் பிரிவுக் கழக ஆட்டத்தில் தொடங்கிய பயணம், 2015 ஜனவரியில் கொல்கத்தாவில் வங்காளத்திற்கு எதிரான ரஞ்சி ஆட்டத்தில் தமிழகத் தொப்பியை அணிவித்தது. கனவு கைகூடிய அவ்வாட்டத்தை அடுத்தே அவருடைய வீச்சு முறை ஐயத்திற்குரியது என முறையீடு எழுந்தது.

வில்ஸ் குதிரையேறிச் சென்றார். முரளிதரனுக்கு ஒரு நாட்டின் ஆட்ட வாரியம் துணைநின்றது. நெசவாளி மகனுக்கு இருந்தவை தம் ஊரார் ஒருவரும் சில பயிற்சியாளர்களும் மட்டுமே. 23 வயதில், தமிழகத்திற்கு ஆடிய பிறகு, அவர் மீண்டும் தொடக்கநிலைச் சிறுவனானார். நின்ற நிலையில் கையை உயர்த்துவதிலிருந்து பாடம் மறுபடியும் தொடங்கியது. பல்லாயிரம் முறை ஒரே அசைவைச் செய்து பழகிய உடல் அதனை எளிதில் மறப்பதில்லை. புதிதாகக் கற்பதைவிடக் கற்றதை மாற்றிக் கற்பது கடினம். ஓராண்டுக்கு மேல் அவ்வுழைப்பு நீண்டது. திருத்திய கையோடு அவர் தம்மை மெய்ப்பித்தது 2016-இல் திண்டுக்கல் அணியின் உடையில். குளத்து மண்ணில் டென்னிஸ் பந்து கற்பித்த யார்க்கரை, நெருக்கடியான ஓவர்களில் தோற்பந்தால் இட்டு அவர் பெயர் பெற்றார்.

ஏனையவை அண்மைக்கால வரலாறு. 2017 ஏலத்தில் பஞ்சாப் அணி மூன்று கோடி ரூபாய்க்கு அவரை எடுத்தது. 2020 நவம்பரில் அபுதாபியில் ஏ.பி. டிவில்லியர்ஸின் நடுக்குச்சியை ஒரு யார்க்கர் சாய்த்தது. அவ்வாண்டு டிசம்பர் 2-ஆம் நாள் கான்பெராவில் ஒருநாள் ஆட்டத்திலும், இரு நாட்கள் கழித்து அங்கேயே இருபது ஓவர் ஆட்டத்திலும், 2021 ஜனவரி 15-ஆம் நாள் பிரிஸ்பேனில் டெஸ்டிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். வலைப்பயிற்சிக்குப் பந்து வீசவே அவர் ஆஸ்திரேலியாவுக்கு அழைத்துச் செல்லப்பட்டிருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது. பூனாவின் வலையில் பாலூ நின்ற இடத்திலேயே ஒரு நூற்றாண்டு கழித்து நடராஜனும் நின்றார். காயமுற்றோர் பலராகிய வேளையில் வலைக்கு வந்தவர் களத்திற்கு அழைக்கப்பட்டார். பிரிஸ்பேனின் முதல் இன்னிங்சில் மூன்று விக்கெட்டுகள் அவருடையவை. ஜெயப்பிரகாஷின் பெயரெழுத்துகளைத் தம் உடையில் தாங்கி ஆடியவர், 2023 ஜூனில் சின்னப்பம்பட்டியில் தம் செலவில் ஒரு மைதானம் திறந்தார். மட்டை இல்லாதவன் பந்து வீச வேண்டும் என்ற பழைய சட்டத்திற்கு அவர் அளித்த மறுமொழி அம்மைதானம் எனலாம்.

திண்டுக்கல் அணியும் பின்னர் அஸ்வின் தலைமையில் 2024-இல் தமிழ்நாடு பிரிமியர் லீக் கோப்பையை வென்றது. ஆயினும் சமவெளியைப் பொறுத்தவரை கோப்பையினும் பெரிய செய்தி, முறையற்றது என்று சுட்டப்பட்ட ஒரு கை இங்குத் திருந்தி நின்றதேயாகும்.

நிறைவாக

வில்ஸ் முதல் நடராஜன் வரை அனைவர்க்கும் எதிரே நின்ற கேள்வி ஒன்றே: இது வீச்சா, எறியா? விடைகூறும் அதிகாரம் நடுவரிடம் இருந்தது; பின்னர் ஆய்வுக்கூடத்திடம் சென்றது. சில வேளைகளில் சட்டமே பிழைபட்டு, வீச்சாளனுக்காகத் திருத்தப்பட்டது. சில வேளைகளில் வீச்சாளன் சட்டத்திற்காகத் தன்னைத் திருத்திக்கொண்டான். இரண்டும் நிகழ்ந்தமையாலேயே கலை வளர்ந்தது. திருத்துபவர் ஒருவர் கிடைப்பதே இங்கு அரிய பேறு. பிழையைச் சுட்டுவோர் களந்தோறும் உளர்; சுட்டிய பின் அருகிருந்து ஓராண்டு பயிற்றுவோர் சிலரே.

அறுவடை முடிந்த காட்டில், மாலை வெயிலில், தன் முறைக்காகக் காத்து நிற்கும் சிறுவன் இப்பெயர்களை அறியான். ‘மாங்கா’ என்று நகைத்த குரல் ஓய்ந்த பின், யாரேனும் ஒருவர் அருகில் வந்து அவன் முழங்கையைத் தொட்டு, ‘கையை மடக்காதே, காதை ஒட்டிக் கொண்டுவா’ என்று கூறினால் போதும். இரு நூற்றாண்டுகளின் வழக்கு முழுவதும் அவ்வொரு தொடரில் அவனுக்குக் கற்பிக்கப்பட்டுவிடும்.